"வெளியில பண்ணிக்கோங்க": மோட்டார்சைக்கிள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் மோட்டார்சைக்கிள் தயாரிக்கும் நிறுவனங்களின் வடிவமைப்பு, உதிரிபாகம், சர்வீஸ் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

"கால் எட்டலையா? சீட்டைக் கொஞ்சம் கட் பண்ணிக்கோங்க, வெளியில பண்ணித் தருவாங்க." ஷோரூமில் இந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து அதே வண்டியின் ஷாக் (அதிர்வைத் தாங்கும் பாகம்) கசிகிறது என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால், "வெளியில கை வெச்சிருக்கீங்க, வாரண்டி வராது" என்கிறார்கள். அந்த 'வெளியில்' உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். சீட் அறுப்பதும் ஷாக் மாற்றுவதும் சைடு ஸ்டாண்டைக் குறுக்குவதும் எங்கள் பிழைப்பு. இந்த வேலையில் பாதி எங்களிடம் வரவே கூடாது என்று கேட்கத்தான் இந்த மடல்.

அளவுகளில் தொடங்குவோம். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ., ஆண்களுக்குச் சுமார் 165. கவட்டிலிருந்து தரைவரை கால் நீளம் உயரத்தில் 45 சதவீதத்தை ஒட்டி வரும். அந்தக் கணக்கில் சராசரிப் பெண்ணுக்கு 68, 69 செ.மீ., சராசரி ஆணுக்கு 74 செ.மீ. செருப்பின் அடி 2 செ.மீ. கூட்டும். இனி விற்பனையில் இருக்கும் வண்டிகளில் தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ஸ்பிளெண்டருக்கு 785 மி.மீ., ஹண்டர் 350-க்கு 790, கிளாசிக் 350-க்கு 805, எக்ஸ்பல்ஸ் 200 4வி-க்கு 825, ஹிமாலயன் 450-க்கு 825, ஸ்கிராம்ப்ளர் 400 எக்ஸுக்கு 835. ஆள் உட்கார்ந்ததும் 30 மி.மீ. அமுங்கும் என்று வைத்தாலும், 825 மி.மீ. வண்டியில் சராசரி உயர ஆணுக்கே மூன்று, நான்கு செ.மீ. பற்றாது. எங்களிடம் வருபவர்களை 'குட்டையானவர்கள்' என்று தனிப் பிரிவாக ஒதுக்குகிறீர்களே, அந்தப் பிரிவில் இந்த நாட்டில் பாதிப்பேர் இருக்கிறார்கள்.

"ஆக்டிவாவும் 765 மி.மீ. இருக்கே, அதை எல்லாரும் ஓட்டலையா?" என்று கேட்பீர்கள். ஓட்டுகிறார்கள். அதன் எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். கால் எட்டாத குறையை எடைக் குறைவு ஈடுகட்டிவிடுகிறது. 195 கிலோ வண்டியில் அது நடக்காது. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில், ஹேண்டில்பார் ஒரு மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். பாதம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 35 செ.மீ. தள்ளி ஊன்றுகிறது. கால் 3 செ.மீ. பற்றாவிட்டால் வண்டியை ஏறக்குறைய 5 டிகிரி சாய்த்தால்தான் பாதம் தரை தொடும். அந்தச் சாய்வில் வண்டியைத் தாங்க ஹேண்டில்பாரில் 10 கிலோ விசை போதும். 9 செ.மீ. பற்றாவிட்டால் சாய்வு 15 டிகிரி, விசை 30 கிலோ. பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் இன்னும் கூடும். தரையில் மணலோ ஜல்லியோ கிடந்தால் அந்த 30 கிலோவைத் தாங்கும் கால் வழுக்கும், வண்டி கீழே போகும். நின்ற இடத்தில் விழுந்து கிளட்ச் லிவர் முறிந்து, இண்டிகேட்டர் உடைந்து வரும் வண்டிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். 25 மி.மீ. குறைப்பது அழகு வேலை என்று யாராவது நினைத்தால், அது ஹேண்டில்பாரில் 8 கிலோ என்று திருப்பிச் சொல்லலாம்.

இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. சிக்னலில் இடது பாதத்தின் முன்பகுதி ஊன்றினால் போதும், வலது கால் பிரேக்கில் இருக்கவேண்டும். உண்மையான சோதனை பார்க்கிங்கில் வருகிறது. கோயில் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் சரிவான மண் தரையில் நிறுத்திய வண்டியை, மேலே உட்கார்ந்தபடி பின்னால் தள்ளி எடுக்க இரண்டு காலின் நுனியும் வேண்டும். ஷோரூமின் வழவழப்பான டைல்ஸ் தரையில் உட்கார்ந்து பார்க்கும்போது இது யாருக்கும் உறைப்பதில்லை.

நீங்கள் அச்சிடும் சீட் உயரம் என்ற எண்ணிலும் ஒரு கோளாறு இருக்கிறது. அது ஆள் உட்காராத வண்டியின் அளவு. உயரம் குறைந்தவர்கள் பெரும்பாலும் எடையும் குறைந்தவர்கள். நீங்கள் வைக்கும் ஸ்பிரிங்கோ 75, 80 கிலோ ஆளும் பின்னால் இன்னொருவரும் என்று கணக்குப் போட்டது. பின்சக்கரத்தில் ஒரு மி.மீ. அமுங்க 2 கிலோ தேவைப்படும் வண்டியில் 80 கிலோ ஆளும் 50 கிலோ ஆளும் மாறி மாறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? 30 கிலோ வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 20 கிலோ, பின்னால் விழும். ஒல்லியானவருக்கு வண்டி 10 மி.மீ. குறைவாகத்தான் அமுங்கும். ஆக, யாருக்குக் கால் எட்டவில்லையோ அவருக்கே வண்டி கூடுதல் உயரமாக நிற்கிறது. பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவை) அடிநாட்ச்சுக்கு இறக்கினால் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் டெலிவரி கொடுக்கும்போது அதைத் திருப்பும் சி-ஸ்பேனரைக் கையில் எடுத்து, ஆளை உட்காரவைத்து, எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து கொடுக்கும் ஷோரூம் அரிது. டூல் கிட்டில் ஸ்பேனர் இருப்பது பலருக்கு மூன்றாவது சர்வீஸில்தான் தெரியவருகிறது. இரண்டு பக்க ஷாக்கும் ஒரே நாட்ச்சில் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் வந்த வண்டிகள் உண்டு.

உயரத்தைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் அச்சிடுவதே இல்லை. சீட்டின் முன்பக்க அகலம். தொடைகள் சேரும் இடத்தில் சீட் 24 செ.மீ. அகலமாக இருந்தால் கால் முதலில் பக்கவாட்டில் விரிந்து, பிறகுதான் கீழே இறங்கும். அதே உயரத்தில் 18 செ.மீ. அகலமென்றால் கால் நேராக இறங்கும். இரண்டு ஓரத்திலும் 20, 25 மி.மீ. சரித்துச் சீவினாலே, உயரத்தில் கை வைக்காமல், பலருக்குக் கால் ஊன்றிவிடுகிறது. 790 வண்டியில் எட்டாத கால் 805 வண்டியில் எட்டுவது இதனால்தான். பிஎம்டபிள்யூ தன் வண்டிகளின் விவரத் தாளில் ஒரு பாதத்தில் தொடங்கி உள்தொடை வழியாக ஏறி, சீட்டைத் தாண்டி, மறு பாதம்வரை வரும் வளைவின் நீளத்தைச் சீட் உயரத்தோடு சேர்த்துப் போடுகிறது. ஒரு தையல் டேப் போதும் அதை அளக்க. மற்றவர்கள் ஏன் அளப்பதில்லை?

இனி வெளியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறோம்.

முதலில் சீட். உங்கள் சீட்டின் ஃபோம் அச்சில் வார்த்தது. அதன் மேற்பரப்பில் ஒரு மெல்லிய தோல் உண்டு, தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. பின்களைப் பிடுங்கி, ரெக்ஸினை உரித்து, ஹாக்சா பிளேடாலோ மின்கத்தியாலோ அறுத்து, 36 நம்பர் உப்புத்தாள் டிஸ்க்கால் தேய்க்கும்போது அந்தத் தோல் போய்விடும். அப்புறம் அது வெறும் பஞ்சு. தையல் ஓட்டை வழியாக இறங்கும் மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெயில் அடிக்கும் நாளில்கூட உட்கார்ந்தவரின் பேன்ட் நனையும். கெட்டியான பாலிதீன் ஷீட்டை ஃபோமுக்கும் கவருக்கும் நடுவில் சுருக்கமில்லாமல் போர்த்த வேண்டும், மேற்புறம் தையல் வராதபடி கவரை வெட்டவேண்டும். 200 ரூபாய் குறைத்துச் செய்யச் சொல்லும்போது முதலில் காணாமல் போவது அந்த ஷீட்டுதான்.

எவ்வளவு அறுக்கலாம்? உட்காரும் எலும்புகளுக்குக் கீழே குறைந்தது 40 மி.மீ. ஃபோம் மிஞ்சவேண்டும். 70 மி.மீ. இருந்தால் 30 எடுக்கலாம், அதிலும் மேலே 10 மி.மீ. அடர்த்தியான ஃபோம் ஒட்டினால் நிகரக் குறைவு 20 தான். ஆசைப்பட்டு 45, 50 அறுத்தால் அடித்தட்டின் பிளாஸ்டிக் விலா எலும்புகள் குத்தத் தொடங்கும். முதல் 10 கி.மீ. ஓட்டிப்பார்க்கும்போது தெரியாது. 50 கி.மீ. தாண்டும்போது வால் எலும்பு சொல்லும். இன்னொரு தவறு, நடுவில் மட்டும் குழி தோண்டுவது. பின்பக்கம் ஒரு படி உருவாகி ஓட்டுபவர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வார். சீட் முன்பக்கம் சரிந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்கில் போய் மோதுவார். சரிவு இல்லாமல், டேங்கிலிருந்து ஒன்றரைச் சாண் தூரம்வரை ஓரங்களைச் சீவி, நடுவைத் தட்டையாக வைப்பதுதான் சரி. கவரைத் திரும்ப அடிக்க 6 மி.மீ. பின் போதும். 10 அடித்தால் அடித்தட்டைத் துளைத்து மறுபக்கம் வந்து பேட்டரி ஒயர்களைக் கீறும். எஸ்.ஆர். பசையை (செயற்கை ரப்பர் பசை) தடவியதும் ஒட்டாமல், கை வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் ஃபோம் நகரும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் அது அறுத்த சீட்டுதான். வார்த்த சீட் ஆகாது. முழங்கால் மடிப்பும் கூடும். சீட் இறங்கியது, கால் வைக்கும் பெடல் இறங்கவில்லை. பின்னால் உட்காருபவர் மாடியில் உட்கார்ந்தது போல இருப்பார். ஒரிஜினல் சீட்டை வீட்டில் வைத்துவிட்டு, பழைய சீட் ஒன்றை வாங்கி அதை அறுக்கச் சொல்லி நாங்களே அனுப்புகிறோம். சென்னையில் அதற்குப் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை இருக்கிறது. எல்லா ஊரிலும் புதுப்பேட்டை இல்லை.

அடுத்தது ஷாக். ஆபத்து இங்கேதான் அதிகம். 350 மி.மீ. நீள இரட்டை ஷாக்குக்குப் பதில் 325 போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஷாக் சாய்ந்து நிற்பதாலும் ஆக்சிலுக்கு முன்னால் பொருத்தியிருப்பதாலும் ஷாக்கில் 10 மி.மீ. குறைந்தால் சக்கரத்தில் 12, 13 மி.மீ. வரை போகும். அது பரவாயில்லை. முழுசாக அமுங்கியபோது ஷாக்கின் நீளம் என்ன என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. புது ஷாக்கின் ஓட்டம் (அது அமுங்கும் தூரம்) பழையதைப் போலவே இருந்தால், அமுங்கும்போது பின்சக்கரம் பழைய எல்லையைத் தாண்டி 25, 30 மி.மீ. மேலே ஏறும். டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் உரசும். டெயில் லைட் ஒயர் அங்கேதான் ஓடுகிறது. இரவில், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, பள்ளத்தில் இறங்கும் நேரத்தில்தான் அது அறுபடும். ஆகவே முழுசாக அமுங்கிய நீளம் பழையதைவிடக் குறையாத, ஓட்டம் மட்டும் குறைந்த ஷாக் வேண்டும். ஓட்டம் குறைந்தால் ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டியாக வேண்டும், டாம்பிங்கும் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் திறன்) அதற்கேற்ப மாறவேண்டும். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் ஒல்லியான ஆளுக்கு வண்டி தூக்கிப்போடும். இந்த இழுபறியைத் தீர்க்க டெஸ்ட் டிராக்கும் அளவுக் கருவிகளும் வேண்டும். அவை உங்களிடம் இருக்கின்றன, எங்களிடம் இல்லை.

பின்னால் ஒரே ஷாக்கும் (மோனோஷாக்) அதைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்க்கும் வைத்த வண்டிகளில் நீளமான லிங்க் தகடு போட்டுப் பின்பக்கத்தை இறக்கலாம். பல வண்டிகளுக்கு இதுவே மலிவான வழி. ஆனால் இங்கும் ஷாக்கின் ஓட்டம் மாறுவதில்லை, சக்கரம் மேலே ஏறும் எல்லை மட்டும் மாறுகிறது. ஸ்பிரிங்கைக் கழற்றி, ஷாக்கை மட்டும் மாட்டி, சக்கரத்தைக் கையால் முழுசாகத் தூக்கிப் பார்த்து, டயருக்கும் மட்கார்டுக்கும் குறைந்தது 10 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று அளக்காமல் யாரும் வண்டியைத் தெருவில் இறக்கக்கூடாது. அப்படியே பின்சக்கரத்தை மெதுவாக இறக்கி, முன் பற்சக்கரமும் ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) அச்சும் பின் ஆக்சிலும் ஒரே கோட்டில் வரும் இடத்தில் செயின் விறைக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அரை நாள் வேலை இது. அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறவர்கள் எதை விட்டுவிட்டார்கள் என்று யூகிக்கக் கஷ்டமில்லை.

பின்பக்கம் மட்டும் 25 மி.மீ. இறங்கினால் 1,390 மி.மீ. வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளின் இடைவெளி) உள்ள வண்டி ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னால் சாயும். ஸ்டியரிங் சற்று மந்தமாகும். அதைவிட, ஹெட்லைட் 30 மீட்டர் தூரத்தில் அரை மீட்டர் மேலே அடிக்கும். எதிரே வருகிறவர் கண் கூசும். அதற்காக முன் ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்களை) கிளாம்ப்பில் தளர்த்தி மேலே தள்ளவேண்டும், 10 முதல் 15 மி.மீ. வரை. முழுசாக அமுங்கும்போது முன் மட்கார்டு கீழ்க் கிளாம்ப்பிலோ ரேடியேட்டரிலோ இடிக்கக்கூடாது, பிரேக் ஓஸ் இழுபடக்கூடாது. இரண்டு குழாயும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று கண்ணளவில் பார்க்காமல் வெர்னியர் வைத்து அளக்கவேண்டும். கிளாம்ப் போல்ட்டுக்கு உங்கள் சர்வீஸ் மேனுவலில் டார்க் அளவு (எவ்வளவு இறுக்கவேண்டும் என்ற எண்) இருக்கிறது. அந்த மேனுவல் எங்களுக்குக் கிடைப்பதில்லை என்பது தனிக் கதை.

சைடு ஸ்டாண்ட். கேட்கச் சின்ன விஷயம், நாங்கள் பார்க்கும் சேதத்தில் பெரிய பங்கு இதற்குத்தான். ஸ்டாண்டின் பாதம் நடுக்கோட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி நிற்கிறது என்றால், வண்டி 25 மி.மீ. இறங்கியதும் சாய்வு ஏறக்குறைய 5 டிகிரி குறையும். 12 டிகிரி சாய்ந்து நின்ற வண்டி 7 டிகிரியில் நிமிர்ந்து நிற்கும். இடது பக்கம் கொஞ்சம் மேடான இடத்தில் நிறுத்தினால் வலது பக்கம் சாயும், பக்கத்தில் நிற்கும் வண்டியையும் சேர்த்துத் தள்ளிவிடும். ஸ்டாண்டை நடுவில் அறுத்துத் திரும்ப வெல்டிங் வைக்கிறோம். உள்ளே ஒரு இரும்புத் துண்டைச் செருகி வைத்த வெல்டிங் நிற்கும். மேலோட்டமாக வைத்தது வண்டிமேல் ஆள் உட்கார்ந்திருக்கும்போது முறியும். சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் உள்ள வண்டியில் ஒயரைக் கழற்றாமல் வெல்டிங் வைத்துச் சுவிட்ச்சைப் பொசுக்கியவர்களும் உண்டு. சென்டர் ஸ்டாண்டை மறந்துவிடுவார்கள். இறக்கிய வண்டியை அதில் ஏற்றக் கூடுதலாக 25 மி.மீ. தூக்கவேண்டும். உயரமும் எடையும் குறைந்த ஒருவரால், யாருக்காக வண்டியை இறக்கினோமோ அவரால், அது முடியாது.

மலிவு வழிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஃபோர்க் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தால் ஸ்பிரிங் இன்னும் கெட்டியாகும், ஓட்டம் குறையும், உயரம் ஒழுங்காக இறங்காது. ஸ்விங்ஆர்மில் புதுப் பிராக்கெட் வெல்டிங் வைத்து ஷாக்கின் கீழ்ப்பக்கத்தை இறக்கிப் பொருத்துவது குற்றம் என்றே சொல்வோம். 110/90-17 டயரைக் கழற்றி 100/80-17 போட்டால் 19 மி.மீ. இறங்கும், உண்மைதான். கூடவே சக்கரத்தின் விட்டம் 6 சதவீதம் குறையும், டயர் தாங்கும் எடையும் குறையும். ஒரு சக்கரத்தில் மட்டும் மாற்றினால் ஏபிஎஸ் எதிர்பார்க்கும் வேகக் கணக்கும் தப்பும்.

உங்கள் தரப்பில் சொல்லப்படும் பதில் எங்களுக்குத் தெரியும்: "நம்ம ரோட்டுக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் வேணும்." தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் நடுவில் இடைவெளி வேண்டும்தான். இந்தியச் சாலைப் பேரவையின் விதி வேகத்தடைக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் சொல்கிறது. எங்கள் தெருக்களில் இருப்பவை ஒரு அடி அகலத்தில் அரையடி உயரம் எழுப்பியவை. ஷாக்கைக் குறுக்கிய வண்டியின் சைலன்சர் அங்கே தட்டத்தான் செய்யும். ஆனால் சீட் உயரமும் கிரவுண்ட் கிளியரன்ஸும் வேறு வேறு. சீட் குறைந்தால் எஞ்சினின் அடிப்பகுதி ஒரு மி.மீ.கூட இறங்காது. ஹிமாலயன் 450-க்கு 805 மி.மீ. சீட் உதிரிபாகமாகக் கிடைக்கிறது, 230 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் அப்படியேதான் இருக்கிறது. ஓசூர் டிவிஎஸ் ஆலையில் தயாரான பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ்-க்குத் தாழ்ந்த சீட்டும் உயர்ந்த சீட்டும் இருந்தன. ஹார்லி-டேவிட்சன் 2021-ல் கொண்டுவந்த பான் அமெரிக்கா 1250 ஸ்பெஷலில் வண்டி நிற்கப்போகும்போது சஸ்பென்ஷன் தானாகவே இறங்கிக்கொள்ளும் வசதியே வந்துவிட்டது. அந்த விலைக்கு அவர்கள் அப்படிச் செய்யலாம். இரண்டு லட்ச ரூபாய் வண்டிக்கு நாங்கள் கேட்பது ஒரு ஃபோம் அச்சும் ஒரு கவர் தையல் அளவும் மட்டும். அடித்தட்டுகூட அதேதான்.

சட்டத்தையும் சொல்லியாகவேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தம் சேர்த்த பிரிவு 182ஏ(4)-ன்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டும். லிங்க் தகடு இதில் வருமா, ஓட்டம் குறைந்த ஷாக் வருமா, விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் இதைக் காரணம் காட்டுவாரா என்று வாடிக்கையாளர் எங்களைக் கேட்கிறார். வண்டியை வடிவமைத்த நீங்கள் எழுத்தில் ஒரு வரி கொடுத்தால் தீரும் கேள்வி இது. கொடுக்காமல் இருப்பதால், கால் எட்டாத ஒருவர் விழுவதா, விதியை மீறுவதா என்று தவிக்கிறார்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

புது மாடல் வெளிவரும் அன்றே தாழ்ந்த சீட்டுக்கும் பார்ட் நம்பர் இருக்கவேண்டும். ஓரங்கள் சரிந்த, அடர்த்தியான ஃபோமில் வார்த்த சீட். புக்கிங் படிவத்திலேயே 'சாதாரணம்', 'தாழ்ந்தது' என்று இரண்டு கட்டம் வையுங்கள். கூடுதல் விலை வாங்காதீர்கள், ஒரு சீட்டுக்குப் பதில் இன்னொரு சீட். ஷோரூமில் நிற்கும் டெஸ்ட் ரைடு வண்டிகளில் ஒன்றாவது அந்தச் சீட்டோடு நிற்கட்டும். உட்கார்ந்து பார்க்காமல் யாரும் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

விவரத் தாளில் மூன்று எண்களைச் சேருங்கள்: 50 கிலோ ஆள் உட்கார்ந்தபோது சீட் உயரம், 75 கிலோ ஆள் உட்கார்ந்தபோது சீட் உயரம், பாதத்திலிருந்து பாதம்வரை வளைவு நீளம். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளக்கும்படி உங்கள் சங்கமான சியாம் வழியாக ஒரு முறையை முடிவு செய்யுங்கள். 2 மி.மீ. வித்தியாசத்தை விளம்பரத்தில் பெரிதாகப் போட உங்களால் முடிகிறது, இதுவும் முடியும்.

805 மி.மீ.க்கு மேல் சீட் உயரம் உள்ள ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாழ்த்தும் கிட் வேண்டும். அதில் ஓட்டம் குறைந்த ஷாக்கோ லிங்க் தகடோ, அதற்குப் பொருந்தும் சைடு ஸ்டாண்ட், சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதுவும், ஃபோர்க்கை எவ்வளவு தள்ளவேண்டும், ஹெட்லைட்டை எப்படி இறக்கவேண்டும் என்ற குறிப்பும் ஒரே பெட்டியில் வரவேண்டும். ஸ்டாண்ட் இல்லாத கிட் எங்களுக்கு வேண்டாம், அதைத்தான் இப்போது தெருவில் விற்கிறார்கள். கிட்டை அனுமதிக்கப்பட்ட மாற்றாகச் சோதனை செய்து சான்று வாங்கிக் கொடுங்கள், பிரிவு 52 பற்றிய பயம் அதோடு போகும். இத்துடன், எடை குறைந்தவர்களுக்கு மென்மையான ஸ்பிரிங் ஒன்றும் தனியாகக் கிடைக்கட்டும். பலருக்குக் கிட் தேவைப்படாமல் அதுவே போதுமானதாக இருக்கும்.

வாரண்டியை எழுத்தில் தெளிவாக்குங்கள். சீட் மாற்றியதால் எந்தெந்தப் பாகத்தின் வாரண்டி போகும், எது போகாது என்று பட்டியல் கொடுங்கள். சீட்டை அறுத்தவருக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் வாரண்டியை மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

டெலிவரிக்கு முன் சரிபார்க்கும் படிவத்தில் 'ஓட்டுபவரை உட்காரவைத்துப் பிரீலோடு சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரியும், வாடிக்கையாளர் கையெழுத்துக்கு ஒரு இடமும் சேருங்கள். பத்து நிமிட வேலை, பாகம் எதுவும் வேண்டியதில்லை. இதை அடுத்த மாதமே தொடங்கலாம்.

கடைசியாக, சஸ்பென்ஷன், ஃபோர்க், ஸ்டாண்ட் பகுதிகளின் அளவுகளும் டார்க் எண்களும் உள்ள சர்வீஸ் மேனுவல் பக்கங்களை எல்லாப் பட்டறைகளுக்கும் திறந்துவிடுங்கள். மேலே கேட்டவற்றை நீங்கள் செய்து முடிக்கும்வரை வண்டிகள் எங்களிடம்தான் வரும், அவற்றை நாங்கள் கண்ணளவில் இறுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சீட் வேலையும் சஸ்பென்ஷன் வேலையும் செய்யும் பட்டறைக்காரர்கள்